நாடக இசைமணி கிட்டப்பா

மனிதன் வளர்த்த கலைகளுள் நெடுங்காலம் நிற்பன சில. தோன்றிய அன்றே மறைவன சில. சிற்பி செதுக்கிய கல் பல நூற்றாண்டுகள் நிற்கிறது. புலவன் இயற்றிய பாட்டு ஏட்டில் ஏறி வழிவழியாக வருகிறது. பாடகனுடைய குரலோ காற்றில் பிறந்து காற்றிலேயே கரைந்துவிடுகிறது. அவன் பாடிய பாட்டைப் பிறர் பாடலாம். பாடிய குரலை மீட்டுத் தருவார் எவரும் இலர். நாடகத்தில் பாடுவோன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பொழுது விடிந்ததும் திரையைச் சுருட்டி, விளக்கை அணைத்து, பந்தலையும் பிரித்துவிடுவர். முன்னிரவில் ஆயிரவரை உருக்கிய குரலுக்குக் காலையில் ஓர் அடையாளமும் இராது.

அவ்வாறு மறைந்தொழிய வேண்டியிருந்த குரல் ஒன்று, சில கரிய தட்டுகளின் உதவியால் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இருபத்தேழே ஆண்டுகள் வாழ்ந்த செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரல் அது.

பிறப்பும் இளமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குற்றாலத்திற்கு அருகில் அமைந்தது செங்கோட்டை. இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர், 1956-ஆம் ஆண்டுக்கு முன்னர்த் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. அங்கே கங்காதர ஐயருக்கும் மீனாட்சியம்மாளுக்கும் மகனாக 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டார் அன்பால் அழைத்த பெயரே கிட்டப்பா என நிலைத்து, பின்னர் நாடறிந்த பெயராயிற்று.

குடும்பத்தில் வறுமை மிகுந்திருந்தது. ஆனால் பிள்ளைகளிடம் குரல்வளம் இருந்தது. அந்நாளில் தமிழ்நாட்டில் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பெற்ற நாடகக் குழுக்கள் பல இருந்தன. மக்கள் அவற்றைப் 'பாய்ஸ் கம்பெனி' என வழங்கினர். சிறுவர் ஒரே இடத்தில் தங்கி, உண்டு, பாடம் கேட்டு, இரவில் மேடை ஏறுவர். பெண் வேடங்களையும் சிறுவரே தாங்குவர். பாட்டும் உரையாடலும் மனப்பாடமாக இருத்தல் வேண்டும். சுருதியும் தாளமும் பிழையாதிருத்தல் வேண்டும். தவறியவர்க்கு வாத்தியாரின் பிரம்பு விடை கூறும். மற்றச் சிறுவர் பள்ளியில் அரிச்சுவடி பயிலும் பருவத்தில், தமையன்மாரோடு கிட்டப்பாவும் இத்தகைய வாழ்வில் புகுந்தார். அவருக்குப் பள்ளியும் மேடையே, விளையாட்டிடமும் மேடையே.

தமிழ் இசை நாடகம்

அக்காலத் தமிழ் நாடகம் பெரும்பாலும் இசையால் ஆனது. நடிகன் முதலில் பாடகனாக இருத்தல் வேண்டும். பேசுவதை விடப் பாடுவதே மிகுதி. வேண்டுகோள், ஊடல், சினம், புலம்பல் யாவும் பாட்டாகவே வரும். ஆர்மோனியமும் மிருதங்கமும் மேடை ஓரத்தில் துணைநிற்கும். இந்நாடகங்களுக்கு ஒழுங்கும் இலக்கியச் சுவையும் அளித்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ஆம் ஆண்டு முதல் 1922-ஆம் ஆண்டுவரை வாழ்ந்த அவரே வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களை ஆக்கியவர். நாடக உலகினர் அவரைத் தலைமை ஆசிரியராகப் போற்றினர். அவருடைய மரபிலே இளம் கிட்டப்பாவின் குரல் பண்பட்டது.

இத்தகைய இசை நாடகம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டில் 'ஆப்பெரா' எனப்படும் இசை நாடகம் நானூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரொசீனி, பெல்லினி, தொனிசெத்தி என்னும் மூவர் அங்கே புகழ்பெற்ற நாடகங்களுக்கு இசையமைத்தனர். அவர்கள் காலத்துப் பாடும் முறைக்குப் 'பெல் கான்டோ' என்று பெயர். அழகிய பாட்டு என்பது அதன் பொருள். கீழிருந்து மேல்வரை குரல் ஒரே தன்மையாக இருத்தல், மூச்சு நீளுதல், விரைந்து ஓடும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே தெளிதல், எத்துணை உயரத்தில் பாடினும் வருத்தம் தோன்றாமை ஆகியவை அம்முறையில் போற்றப்பட்டன. இராகமும் தாளமும் வேறு, மொழியும் வேறு. எனினும் நல்ல குரலிடம் மக்கள் எதிர்பார்ப்பன எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதற்குக் கிட்டப்பாவின் குரல் சான்றாக அமைந்தது.

மேடையில் பெற்ற புகழ்

சிறுவர் குழுவில் பயின்ற கிட்டப்பா, பின்னர்க் கன்னையா நடத்திய புகழ்பெற்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். கண்ணைக் கவரும் காட்சி அமைப்புகளுக்குப் பெயர்போனது அக்குழு. அதன் தசாவதார நாடகத்தைக் காண மக்கள் திரண்டனர். காட்சியைக் காண வந்தோர் பலர் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்பதற்காக மீண்டும் மீண்டும் வந்தனர்.

அந்நாள் மேடைகளில் ஒலிபெருக்கி இல்லை. நடிகனுடைய குரல் தன் வலிமையாலேயே கடைசி வரிசைவரை செல்லுதல் வேண்டும். ஆதலால் நடிகர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினர். அவ்வாறு பாடுவோர் பலருக்குக் குரல் கூச்சலாக மாறிவிடும். கிட்டப்பாவுக்கோ மேல் தாயியிலும் குரல் இனிமை குன்றாமல் நின்றது. அங்கே நின்றுகொண்டு அவர் பிருகாக்களை உதிர்த்தபோதும் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது. நாடகப் பாட்டைக் குறைவாக மதித்த கச்சேரி வித்துவான்களும் அவருடைய பாட்டுக்குச் செவி சாய்த்தனர். கேட்போர் 'ஒன்ஸ்மோர்' என்று முழங்குவர்; அவரும் சலிப்பின்றி மீண்டும் பாடுவார். ஓர் இரவில் ஒரே பாட்டைப் பலமுறை பாட நேர்வதும் உண்டு.

1924-ஆம் ஆண்டு அவர் கிட்டம்மாளை மணந்தார். சில ஆண்டுகளுக்குள் அவருடைய கலைவாழ்வில் பெரியதொரு திருப்பம் நேர்ந்தது. கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். வறுமையின் காரணமாக இளமையில் இரயில் வண்டிகளில் பாடிப் பொருள் பெற்ற அச்சிறுமி, நாடக மேடை ஏறித் தமிழகத்திலும் இலங்கையிலும் புகழ் பெற்றிருந்தார். கொழும்பு நகரில் கிட்டப்பாவும் அவரும் ஒரே மேடையில் நடிக்க ஏற்பாடாயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பாட்டால் வெல்லும் ஆற்றல் உடையவர். கிட்டப்பாவின் முன் சுந்தராம்பாள் நிற்க முடியுமோ என்று சிலர் அஞ்சினர் என்பர். நாடகம் தொடங்கியபின் அவ்வச்சம் நீங்கிற்று. எட்டிய உயரத்துக்கெல்லாம் ஈடு கொடுத்து அவர் பாடினார்.

வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாக வந்து வள்ளியிடம் வாதிடும் பகுதி அக்காலத்தில் மிகவும் விரும்பப்பட்டது. எழுதிய பாட்டு முடிந்தபின்னும் இருவரும் தத்தம் திறத்தால் வாதத்தை வளர்த்துச் செல்வர். கிட்டப்பா வேடனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்ற இரவுகளில் மக்கள் விடியும்வரை அசையாதிருந்தனர். மேடையில் இணைந்த இருவரும் வாழ்விலும் இணைந்தனர். சேர்ந்து நாடகக் குழுவும் நடத்தினர். விடுதலை வேட்கை நாடெங்கும் பரவிய காலம் அது. நாட்டுணர்ச்சி ஊட்டும் பாடல்களும் அவர்களுடைய மேடைகளில் ஒலித்தன.

இசைத்தட்டு வந்த கதை

இக்காலத்தே நாடகப் பாடகர்களைத் தேடி ஒரு புதிய கருவி வந்தது. அதுவே கிராமபோன் என்னும் இசைப்பெட்டி. 1902-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிரெடு கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர், இத்தாலியின் மிலான் நகரில் ஒரு விடுதி அறையில் என்ரிகோ கரூசோ என்னும் இளம் பாடகரின் குரலைப் பதிவு செய்தார். அதே ஆண்டின் இறுதியில் அவரே கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்து, கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். இத்தாலிய நாடக இசையும் இந்திய இசையும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கையால் தட்டில் ஏறின. 1908-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை எழுந்தது. சில ஆண்டுகளில் தமிழகத்துப் பாட்டும் தட்டுகளில் பரவத் தொடங்கிற்று.

தொடக்கத்தில் பாடகர் ஒரு பெரிய ஊதுகுழாயின் வாய்க்கு நேரே நின்று பாடுவார். குரலின் அதிர்வு குழாயின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டோடு இணைந்த முள், சுழலும் மெழுகின் மேல் வரி கீறும். 1925-ஆம் ஆண்டு முதல் மின்விசையால் பதிவு செய்யும் முறை வந்தது. அதன்பின் குரலின் மென்மையான சாயல்களும் ஓரளவு தட்டில் தங்கின. மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதைக்கொண்டு அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்தி எடுப்பர். அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். சோட்டா நாகபுரிக் காடுகளில் அது மிகுதியாகக் கிடைத்தது. இவ்வாறு காட்டுப் பூச்சியின் பிசினில் மாந்தர் குரல் குடிகொண்டது.

பத்து அங்குல அகலமுள்ள தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். விடிய விடியப் பாடிப் பழகிய கிட்டப்பாவின் முன்னே இக்கருவி வைத்த கட்டளை கடுமையானது. மேடையில் பாட்டு தவறினால் அடுத்த அடியில் ஈடு செய்யலாம். மெழுகில் விழுந்த பிழையை அழித்தல் இயலாது. முழுப் பாட்டையும் மீண்டும் தொடங்குதல் வேண்டும். மேடையில் தலையசைத்து ஊக்கும் மக்கள் எதிரே இருப்பர். பதிவு அறையிலோ ஒலி அடங்கிய சுவர்களே சுற்றி நிற்கும். இந்நிலையிலும் கிட்டப்பா பாடினார். வேடன் வள்ளியைக் கண்டு பாடும் 'காயாத கானகத்தே' என்னும் நாடகப் பாட்டும், 'எவரனி' என்னும் தியாகராசர் கீர்த்தனையும், விருத்தங்களும் அவர் குரலில் தட்டுகளாயின.

தட்டைக் கேட்கும் முறை

பழைய இசைத்தட்டைக் கேட்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். பெட்டிக்குச் சாவி கொடுத்து, புதிய ஊசியைப் பொருத்தி, தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்தவுடன் முதலில் கேட்பது இரைச்சலே. மழை ஓலைக் கூரையில் விழுவது போன்ற அவ்வொலியைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பர். பொறுத்திருப்போருக்குச் சிறிது நேரத்தில் இரைச்சல் பின்னே ஒதுங்கும். குரல் முன்னே வரும்.

கிட்டப்பாவின் தட்டில் முதலில் உணரத்தக்கது அவருடைய குரல் புறப்படும் விதம். பலர் உயர்ந்த சுரத்தைப் படிப்படியாக முயன்று எட்டுவர். அவர் குரலோ தன் வீட்டு முற்றத்துக்கு வருவது போல அங்கே எளிதாக வந்து நிற்கும். அடுத்து உணரத்தக்கது அவருடைய விரைவு. மணிகள் உருள்வது போலச் சுரங்கள் ஓடினும் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறுவதில்லை. மூன்றாவது, சொல்லின் தெளிவு. பாட்டின் சொற்கள் இசைக்குள் புதைந்துபோகாமல் கேட்போர் நெஞ்சில் பதியும். நாடக மேடையில் கதையை நடத்தும் கடமை பாட்டுக்கு இருந்தமையால் இத்தெளிவு அவருக்கு இயல்பாயிற்று. இறுதியாக உணரத்தக்கது அவருடைய அமைதி. மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டுமே என்ற பதற்றம் அவர் பாட்டில் இல்லை.

இத்தாலியரும் தம் பழந்தட்டுகளை இவ்வாறே போற்றுகின்றனர். தொனிசெத்தி இசையமைத்து 1832-ஆம் ஆண்டு மிலான் நகரில் அரங்கேறியது 'காதல் மருந்து' என்னும் நாடகம். அதில் நாயகன் பாடும் உருக்கமான பாட்டு ஒன்றைக் கரூசோ 1904-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் பதிவு செய்தார். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அந்நாட்டு இசை மாணவர் அதைக் கேட்டுப் பயில்கின்றனர். பின்வந்த பதிவுகளில் இரைச்சல் இல்லை; வாத்தியங்கள் மிகுதி. ஆயினும் அப்பழந்தட்டின் மதிப்புக் குறையவில்லை.

தட்டில் அடங்காதனவும் உண்டு. வேடனாக வந்து நின்ற கிட்டப்பாவின் தோற்றம் அதில் இல்லை. வள்ளியின் மறுமொழிக்கு அவர் காட்டிய முகக்குறிப்பு இல்லை. மேடையில் அவர் பாட்டை விரித்துச் சென்ற நெடுவழியும் இல்லை. தமிழில் முதல் பேசும் படமாகிய காளிதாஸ் 1931-ஆம் ஆண்டு வெளிவந்தது. கிட்டப்பா எந்தத் திரைப்படத்திலும் நடிக்கவில்லை. ஆதலால் அவருடைய நடிப்பைப் பிற்காலத்தார் காண வழியில்லாது போயிற்று. தட்டு தருவது ஒரு பெருங்கடலிலிருந்து முகந்த ஒரு குடம் நீரே. அக்குடமும் இல்லையேல் கடல் இருந்ததையே மறந்திருப்போர் பலர்.

அணைந்த விளக்கு

புகழ் வளர்ந்த அளவுக்கு உடல் வலிமை வளரவில்லை. இரவு முழுதும் பாட்டு, பகல் முழுதும் பயணம், மறுநாள் மற்றோர் ஊர் என ஓயாத வாழ்வு அவரை வாட்டியது. குடும்ப வாழ்விலும் துயர் புகுந்தது. அவரும் சுந்தராம்பாளும் பிரிந்து வாழ்ந்த காலமும் உண்டு. நோய் முற்றிய நிலையிலும் அவர் மேடையை விட்டாரில்லை. 1933-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திருவாரூரில் வள்ளி திருமண நாடகத்தில் நடித்தபோது உடல் தளர்ந்து வீழ்ந்தார் என்பர். அதன்பின் அவர் தேறவில்லை. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். குரல் முதிர்ந்து கனியும் வயது அது. கலைஞன் தன் கலையைக் காப்பது போலவே அதைத் தாங்கும் உடலையும் காத்தல் வேண்டும் என்பதை அவர் வாழ்வு துயரத்தோடு உணர்த்துகிறது. மீண்டும் மீண்டும் பாடுக என்று முழங்கிய மக்களுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

செய்தி கேட்ட சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. வெண்ணிற ஆடை உடுத்து, அணிகளைத் துறந்து, ஆடவருடன் இணைந்து இனி நடிப்பதில்லை என அவர் உறுதி பூண்டார். 1935-ஆம் ஆண்டு வெளிவந்த நந்தனார் படத்தில் அவரே ஆண் வேடம் தாங்கி நந்தனாராக நடித்தார். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் அது எவரும் கேட்டறியாத தொகை. 1953-ஆம் ஆண்டு ஔவையார் படத்தில் அவர் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. 1980-ஆம் ஆண்டு மறையும்வரை அவர் தம் உறுதியிலிருந்து வழுவவில்லை. கிட்டப்பாவுக்கு ஈடாக மேடையில் எழுந்த அக்குரல், அவரை இழந்த பின் நாற்பத்தாறு ஆண்டுகள் தனித்து நடந்தது.

நிலைத்த குரல்

கிட்டப்பாவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை உயர்ந்த சுருதியில் பாடுவதையே நடிகனுக்கு அழகெனக் கொண்டது. தியாகராஜ பாகவதரும், பின்வந்த டி. ஆர். மகாலிங்கமும் அவ்வழியில் சென்று திரையுலகில் பெரும் புகழ் பெற்றனர். ஒலிவாங்கி வந்தபின் மென்மையாகப் பாடும் முறை பெருகிற்று. உரக்கப் பாட வேண்டிய தேவை மறைந்தது. எனவே கிட்டப்பாவின் தட்டுகள், இனி எவரும் அவ்வாறு பாடத் தேவையற்ற ஒரு காலத்தின் சான்றுகளாகவும் நிற்கின்றன.

அரக்குத் தட்டு எளிதில் உடையக்கூடியது. ஊசி ஏற ஏற அதன் வரிகள் தேயும். வீடு மாறும்போது கைதவறி நொறுங்கியவையும், பயனற்றவை எனப் பழைய பொருள் வாங்குவோரிடம் தள்ளப்பட்டவையும் எண்ணற்றவை. எஞ்சியவற்றை இசையன்பர் சிலர் துணியில் சுற்றிக் காத்தனர். பின்னர்ப் புதிய கருவிகளில் படியெடுத்தனர். அவர்கள் காத்தமையால் இன்று அக்குரல் எங்கும் கேட்கிறது. தாம்பரத்திற்கு மேற்கே படப்பையில் வாழும் ஒரு பள்ளி மாணவனும், சாவியும் ஊசியும் இன்றி, கையடக்கமான கருவி ஒன்றிலேயே கிட்டப்பாவைக் கேட்கலாம். ஆனால் கேட்கும் பொறுமையை எந்தக் கருவியும் தருவதில்லை. அதனை மாணவனே கொண்டுவருதல் வேண்டும். இரைச்சலுக்கு அஞ்சாமல் மூன்று நிமிடம் அமர்ந்திருப்பானாயின், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த இளைஞர் ஒருவர் அவனுக்காகவே எழுந்து பாடுவார்.